கரோல்பாக் வக்கீலம்மா

உயில் எழுத யாரையாவது கூட்டிக்கொண்டு அந்த வக்கீலம்மாவிடம் போனால், கூட்டிப் போனவருக்கு உள்ளே இடம் கிடையாது. கரோல்பாகில் கம்பளி நூல் விற்கிற ஒரு கடைக்கு மேலே அவருடைய அறை. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு மர பெஞ்சு போட்டிருக்கும். மகனோ மருமகளோ மாப்பிள்ளையோ, யாராக இருந்தாலும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். சொத்துக்காரர் மட்டும் உள்ளே போவார். கதவு சாத்தப்படும்.

நான் அங்கே முதன்முதலாக உட்கார்ந்தது எழுபதுகளின் கடைசியில். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வுபெற்று, பிறகு ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராகவும் இருந்துவிட்டு என்னோடு இருந்தார். அவர் பேரில் முனிர்க்காவில் ஒரு வீடு. அரசாங்கம் வீடு ஒதுக்குகிற குலுக்கலில் விழுந்தது. இரண்டு அறைதான் என்றாலும் டில்லியில் எங்களுக்கென்று இருந்த ஒரே சொந்தச் சுவர் அது.

எனக்கு ஓர் அக்கா. நர்ஸ். கூட வேலை பார்த்த பஞ்சாபிக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு திலக் நகருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. வீட்டில் அவள் பேரை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நடுவில் ஒருமுறை நெஞ்சு வலி என்று ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அவர் திரும்பியதும், நான்தான் உயில் பேச்சை எடுத்தேன். வீட்டை என் பேருக்கு எழுதிவிட்டால் பிற்பாடு வில்லங்கம் இருக்காது என்றேன். அப்பா மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார்.

முதலில் ஒரு கோர்ட் வாசலுக்குப் போனோம். மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்திருந்தவர் இந்தியில் ஏற்கெனவே அடித்து வைத்திருந்த காகிதத்தை நீட்டி, பேரை மட்டும் நிரப்பினால் போதும், சாட்சிக்கும் இரண்டு ஆள் இங்கேயே இருக்கிறார்கள் என்றார். அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் புரியாத காயிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று நடையைக் கட்டிவிட்டார்.

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் தஞ்சாவூர்க்காரர். அவர்தான் சொன்னார்: "தமிழ்லயே கேட்டு எழுதற வக்கீலம்மா ஒருத்தங்க கரோல்பாக்ல இருக்காங்க. நல்லவங்க. ஆனா நீங்க நினைச்சுட்டுப் போறது நடக்கும்னு மட்டும் சொல்ல முடியாது."

வக்கீலம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருஷ டில்லி வாசம் அவருடைய இந்தியை மாற்றியிருந்ததே ஒழிய தமிழைத் தொடவில்லை. கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். கறுப்புக் கோட்டு எப்போதும் ஆணியில் தொங்கும். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "அப்பா வீட்டை என் பேருக்கு எழுதணும்னு விரும்பறாங்க" என்றேன்.

"அப்படியா தம்பி? அதை அவ்வொ சொல்ல மாட்டாவளா?"

"இல்லம்மா, ஒரு அக்கா இருக்கா. அவ கல்யாணமாகி வேற ஜாதிக்குப் போயாச்சு. அவளுக்கு எப்படியும் பங்கு கிடையாதுதான். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு..."

"யாரு சொன்னா கிடையாதுன்னு?" அவர் குரலை உயர்த்தவில்லை. "அண்ணாச்சி தானா சம்பாதிச்ச வீடு. உயில் எழுதாமப் போனா ஆம்பிளைப் பிள்ளைக்கும் பொம்பளைப் பிள்ளைக்கும் ஒரே பங்கு. கல்யாணம் ஆனாலும் அப்படித்தான், யாரைக் கட்டினாலும் அப்படித்தான். எழுதினா அவ்வொ இஷ்டம். ஒரு ஆளுக்கே குடுக்கலாம், ஒருத்தருக்கும் குடுக்காம கோயிலுக்கும் குடுக்கலாம். ஆனா அது அவ்வொ வாயால வரணும். நீங்க வெளியில போய் இருங்க."

அக்காவுக்குச் சரிபாதி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அப்படியானால் இந்த உயில் கட்டாயம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அப்பா வந்தார். "இன்னொரு நாள் வரச் சொல்லிச்சு" என்றார்.

அப்படி ஐந்து முறை போனோம். ஐந்து முறையும் நான் வெளியே. கடைசி முறை படி இறங்கும்போது, "முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டேன். "முடிஞ்சுது" என்றார். என்ன எழுதினீர்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்குள் வக்கீலம்மா என்னை வேறொரு வேலைக்குப் பிடித்துக்கொண்டார். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். தமிழ் தெரிந்த, உத்தியோகத்தில் இருக்கிற ஆளாக இருந்தால் நல்லது. "சனிக்கிழமை மத்தியானம் சும்மாதானே இருக்கிய? வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. உயில் எழுதுகிறவர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்தால் போதும். நான் சம்மதித்ததற்குக் காரணம் பரோபகாரம் இல்லை. போய் வந்து பழகினால் என்றைக்காவது அப்பாவின் உயில் கண்ணில் படும் என்ற நப்பாசைதான்.

அப்படிப் போகப் போக அவர் வேலை செய்கிற விதம் தெரிந்தது. வந்தவர் சொல்வதை அவருடைய பேச்சிலேயே ஒரு நீள நோட்டில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வார். பிறகுதான் ஆங்கிலத்தில் டைப் ஆகும். டைப் ஆவதற்கு முன்னால் தமிழில் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்துக் காட்டுவார். ஒருமுறை ஓர் அம்மாளுக்கு வாசித்துக் காட்டியது பெஞ்சு வரை கேட்டது.

"'என் வளையல் ரெண்டும் மூத்த மகளுக்கு. அந்த மூதேவிக்கு ஒரு செம்புத் தண்ணி கூட கெடையாது.' இப்படித்தான் சொன்னிய. இப்படியே டைப் அடிச்சிரட்டுமா? மூதேவின்னா யாருன்னு கோர்ட்ல கேப்பாவ. பேரு சொல்லணும்."

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் மருமகளின் பேரைச் சொல்வது கேட்டது. கூடவே, "செம்பு வேணாம், அந்தப் பெரிய குத்துவிளக்கு அவளுக்குன்னு போடுங்க" என்பதும்.

இன்னொரு சனிக்கிழமை. ஏசியாட் விளையாட்டுக்காக ஊரெல்லாம் தோண்டிக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண்ணை அவள் கொழுந்தன் கூட்டி வந்திருந்தான். அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்து இரண்டு மாதம். அவன் கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய தபாலாபீஸ் கணக்கில் நாமினி என்று தம்பி பேரைப் போட்டிருந்தான். அதனால் அது தனக்குத்தான் என்பது கொழுந்தனின் கட்சி. அவனை வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணோடு பேசிய வக்கீலம்மா, பிறகு தானே பெஞ்சுக்கு வந்தார்.

"ஏம்பா, ஊர்ல ஒங்களுக்கு மணியார்டர் வரும்லா? யாரு கொண்டு வருவா?"

"போஸ்ட்மேனு."

"பணம் அவன் கையிலதானே இருக்கு? தனக்குன்னு வச்சிக்கிடுவானா?"

"அது எப்படிம்மா?"

"நாமினிங்கது அந்தப் போஸ்ட்மேன் மாதிரிதான். கையில வாங்கலாம். வாங்கிக் கொண்டு போய் உரியவங்களுக்குக் குடுக்கணும். அண்ணன் பெண்டாட்டி இருக்கா, ரெண்டு பிள்ளை இருக்கு, ஊர்ல ஒங்க அம்மா இருக்கா. இவ்வளவு பேருக்கும் பங்கு. ஒனக்குத்தான் கிடையாது."

அவன் விரோதமாகப் பார்க்கவில்லை. யோசித்துவிட்டு, "அம்மாவுக்கும் உண்டுங்களா?" என்று மட்டும் கேட்டான்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் அவர் எல்லோருக்கும் நல்லது செய்தார் என்று தோன்றும். அது உண்மையில்லை.

லாஜ்பத் நகரில் ஒரு பெரியவர். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூர், எட்டிப் பார்ப்பதில்லை. அண்ணன் மகள் ஒருத்தி, கல்யாணம் ஆகாதவள், ஒன்பது வருஷமாகக் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. வீட்டை இவளுக்கு எழுதி வைப்பதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார் என்று அக்கம்பக்கமே சொன்னது. வக்கீலம்மா என்னையும் இன்னொருவரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அய்யா, வீடு ஒங்க அண்ணன் மகளுக்கா?"

பெரியவர் தலையை ஆட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"பையன்களுக்கா?"

அதற்கும் அதே மாதிரி ஆட்டினார்.

"எனக்கா?" என்று கேட்டார் வக்கீலம்மா. அதற்கும் ஆட்டினார்.

வக்கீலம்மா அன்று சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். மறுநாளும் போனார். அடுத்த வாரமும் போனார். கடைசியில், "எனக்குப் புரியலம்மா. புரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஒரு மாதத்தில் பெரியவர் போய்விட்டார். பிள்ளைகள் வந்தார்கள், வீட்டை விற்றார்கள். பிள்ளைகள் இருக்கும்போது அண்ணன் மகளுக்குச் சட்டத்தில் இடமில்லை.

அவள் கரோல்பாகுக்கு வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "உங்களுக்கு அவர் மனசு தெரியாதா? நீங்க ஒரு வரி எழுதியிருந்தா எனக்கு ஒரு கூரை மிஞ்சியிருக்கும்" என்றாள்.

"ஆமா" என்றார் வக்கீலம்மா.

அவள் போன பிறகு அன்று வேறு யாரையும் பார்க்கவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருந்ததா என்பது சந்தேகம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். காய்ந்த துணியை எடுத்து வர வக்கீலம்மா மொட்டைமாடிக்குப் போயிருந்தார். பீரோ திறந்திருந்தது. உயில்களின் நகல்கள் உறை உறையாகப் பேர்வாரியாக அடுக்கியிருந்தன. அப்பாவின் பேரைத் தேடினேன். இல்லை. மேல் தட்டிலும் பார்த்தேன். இல்லை. திரும்பினால், கையில் கோட்டோடு அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கெடச்சுதா?"

"இல்ல."

"கெடைக்காது." கோட்டை ஆணியில் மாட்டினார். "கேக்கதுக்கு அப்பா வீட்டுல இருக்காவல்லா தம்பி. அவ்வொட்ட கேக்காம, பேப்பர்ட்ட வந்து கேக்கிய."

இனி கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டார். பீரோ அன்றும் திறந்துதான் இருந்தது.

அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அப்பா பால்கனியில் வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேவிட்டேன்.

"உயில்ல என்ன எழுதியிருக்கீங்கப்பா?"

"ஒண்ணும் எழுதல."

"அஞ்சு வாட்டி போனீங்களே!"

"போனேன்." சுளையில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்தார். "அந்தம்மா பென்சில வெச்சிகினு, 'நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்'னு உக்காந்துனு இருக்கும். அவளுக்கு இல்லேன்னு சொல்லத்தான் போனேன். வாய் வரல. சரி, அவளுக்கும் குடுன்னு சொல்லலாம்னு பார்த்தா, அதுவும் வரல. எழுதலேன்னா இன்னா ஆவும்னு கேட்டேன். ரெண்டு பேருக்கும் சமமாப் போவும்னு சொல்லிச்சு. அப்ப வுட்டுடும்மான்னு வந்துட்டேன்."

நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நன்றாக வரும்.

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார், இரண்டாவது நெஞ்சு வலியில். அக்கா தன் புருஷனோடும் பிள்ளைகளோடும் வந்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படி ஏறினாள். பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. "நானாஜி, நானாஜி" என்று தாத்தாவின் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்த அன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முனிர்க்கா வீட்டில் பாதி அவளுடையது என்றேன். அவளுக்குச் சட்டம் தெரியாது. பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டியிருந்தால் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பாள். அந்த நினைப்பு எனக்கு வராமல் இல்லை. ஆனால் அத்தனை சனிக்கிழமைகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு என்னால் அதைச் செய்ய முடியவில்லை.

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "அப்பா எனக்குக் குடுக்கச் சொன்னாரா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது.

"சொல்லலக்கா. குடுக்காதேன்னும் சொல்லல."

"அச்சா." புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "அவர் சொல்லாம எனக்கு எதுக்கு? வேணாம்டா. நீயே வெச்சுக்கோ."

"வக்கீல்கிட்ட அஞ்சு தடவை போனார். எழுதல. ஆனா அஞ்சு தடவையும் மணிக்கணக்கா என்னமோ பேசினார். எனக்குத் தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

ஒரு சனிக்கிழமை அவளைக் கரோல்பாகுக்குக் கூட்டிப் போனேன். அவள் யார் என்று சொன்னதும் வக்கீலம்மா எழுந்து நின்றார். பேரைக் கேட்டார். நேராக அவளைப் பார்த்து, "ஒங்க அப்பா சொன்னதத் தெரிஞ்சிக்கிடணும்னு நீங்களா வந்தியளா, தம்பி கூட்டிட்டு வந்தாவளா?" என்றார்.

"நான்தான் கேட்டேன்."

"அண்ணாச்சிட்ட நான் அனுமதி வாங்கியிருக்கேன். 'அவளா வந்து கேட்டா சொல்லு'ன்னாவ. வேற யாருக்கும் சொல்லச் சொல்லல." என் பக்கம் திரும்பவேயில்லை. நானே வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வக்கீலம்மா நோட்டிலிருந்து வாசிக்கிற குரல் கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை. நடுவில் ஒருமுறை அக்கா அழுதாள். பிறகு, நான் எதிர்பார்க்காதபடி, சத்தமாகச் சிரித்தாள். கடைக்காரர் கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே வந்தபோது அவள் மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. படியிறங்கி, ரிக்‌ஷாக்களுக்கு நடுவே வழி பார்த்து, பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். அங்கே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெறும் திட்டுதான்டா. முழுக்கத் திட்டு. அஞ்சு நாளும் என்னைத் திட்டியிருக்கார். நான் ட்ரெய்னிங்ல இருந்தப்போ லெட்டர் போடாதது, அவருக்கு ஸ்வெட்டர் பின்னறேன்னு ஒரு கையோட விட்டது, ராத்திரி டூட்டிக்குப் போறப்ப சாப்பிடாமப் போனது, எல்லாத்துக்கும். அந்தம்மா ஒண்ணு விடாம வாசிச்சாங்க. கெட்ட வார்த்தையைக்கூட விடல. ஏழு வருஷத் திட்டையும் இன்னிக்கு மொத்தமா வாங்கிட்டேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"அதையேதான் நானும் கேட்டேன். என்னை நினைச்சு அழுதாரான்னு. நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, 'இல்லம்மா, அழல'ன்னுட்டாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. அதனாலதான் மத்ததெல்லாம் அவர் சொன்னதுன்னு நம்பறேன்."

திலக் நகர் பஸ் வந்தது. ஏறப் போனவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அந்தப் பேப்பரெல்லாம் தயார் பண்ணுடா. என் பாதி எனக்கு வேணும்."